பிறப்புச் சான்றிதழ்: 1.10.2023-க்கு முன் பிறந்தவர்களும் பின் பிறந்தவர்களும்



சமீப காலமாக நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் என்ன ஆகும்?" அறுபது வயதைத் தாண்டிய பெரியவரும் கேட்கிறார், மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாயும் கேட்கிறார். பெரியவருக்கு நாங்கள் சொல்வது, பதற வேண்டாம் என்று. அந்தத் தாய்க்குச் சொல்வது, இந்த வாரமே பாருங்கள் என்று. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அதனால் பெரியவர் இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார். குழந்தையின் வீட்டிலோ "நம் காலத்தில் யார் இதையெல்லாம் பார்த்தது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அடிப்படைச் சட்டம் பழையதுதான்: 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். மத்திய அரசு இதற்கு ஒரு திருத்த மசோதாவை 2023 ஜூலை 26 அன்று மக்களவையில் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 1-ல் மக்களவையிலும் 7-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 11-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே அந்தத் தேதியைப் பற்றியதுதான்.

அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தையின் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாகக் காட்ட வேண்டும் என்கிறது திருத்தம். எதற்கெல்லாம் என்றும் சொல்கிறது: பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார். மத்திய அரசு பின்னால் அறிவிக்கும் வேறு எதற்காகவும் இருக்கலாம். நமக்கெல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைகொடுத்தது, அது இல்லாதவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதுவும் இல்லாதவர்களுக்கு வாக்காளர் அட்டை. இந்தக் குழந்தைகளுக்கு அந்த மாற்று வழிகள் கிடையாது. முதல் காகிதம் பிழையாக இருந்தால் அதன்மேல் வரும் எல்லாக் காகிதமும் பிழையாகவே வரும்.

பாஸ்போர்ட் விதிகளும் இதையொட்டி 2025 பிப்ரவரிக் கடைசியில் மாற்றப்பட்டன. 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எதுவும் குறையவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் என்று பழைய வரிசை அப்படியே இருக்கிறது. உம்ராவுக்குப் போக நினைக்கும் நன்னிமாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோதும் இதே பயம் கிளம்பியது. அதில் கேட்கப்பட்ட ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழ் ஒன்று. பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ் போன்றவையும் அதே வரிசையில் இருந்தன. எல்லாரும் பிறப்புச் சான்றிதழ் காட்டியே ஆகவேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆனாலும் நம் மஹல்லாக்களில் எத்தனையோ பேர் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவைத் தேடி அலைந்தார்கள். பயம் வீண் பயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்து பயப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறோம். அதைப் பின்னால் எழுதியிருக்கிறோம்.

முதலில் குழந்தைகள். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தரும் பொறுப்பு மருத்துவமனைக்கு. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவருக்கு, அவர் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் நெருங்கிய உறவினருக்கு. பதிவான ஏழு நாளுக்குள் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்று திருத்தச் சட்டமே சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் தாய் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2025-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியும் இருக்கிறது.

21 நாள் தவறினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். 30 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். (இவர் பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாவட்டப் பதிவாளர். வீடு, மனை பதியும் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம். அங்கே போய்த் திரும்பியவர்கள் உண்டு.) முன்பு இதற்கு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. இப்போது நீங்களே கையொப்பமிட்டுச் சான்றளித்த ஆவணம் போதும். ஓராண்டு தாண்டிவிட்டால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், அல்லது ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர், இவர்களில் ஒருவரின் ஆணை வேண்டும். அவர் விசாரித்து, பிறப்பு உண்மைதானா என்று பார்த்த பிறகே ஆணை தருவார். சாட்சி, பழைய மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று அலைய வேண்டியிருக்கும். தினக்கூலிக்குப் போகும் ஒரு தகப்பனுக்கு அது எத்தனை நாள் கூலி என்று நினைத்துப் பாருங்கள். 21 நாளுக்குள் கட்டணமே கிடையாது.

நம் வீடுகளில் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த ஊரில்தான். நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். கணவன் வீடு அடையாறில், பிரசவம் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கீழக்கரையிலோ. நாற்பது நாள் கழிந்து குழந்தையோடு சென்னைக்கு வந்த பிறகு இங்குள்ள மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால், எங்களிடம் பதிவே இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. பதிவு அந்த ஊர் நகராட்சியில் இருக்கிறது, அல்லது அங்கேயும் செய்யப்படாமலே கிடக்கிறது. இரண்டாவது வகை வீடுகளில் 30 நாளும் கடந்து போயிருக்கும். மாமனார் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர்களும், மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களும் இருந்துவிடுவதே காரணம். தாய்வீட்டிலிருந்து கிளம்பும் முன் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

சென்னையிலேயே பிரசவம் என்றால் எளிது. மயிலாப்பூர், இராயப்பேட்டைப் பெண்கள் பலரும் போகும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை நம் பெரியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1885-ல் தொடங்கியபோது கோஷாப் பெண்களையும் மனதில் வைத்தே தொடங்கினார்கள். அங்கே பிறந்தாலும் தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும் பதிவு சென்னை மாநகராட்சியில். மாநகராட்சி இணையதளத்திலிருந்து சான்றிதழைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நேரில் போவதானால் மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில் வருகிறது, அடையாறுக்குத் தனி மண்டலம். தி.நகர்தான் சிக்கல்: ஒரு பகுதி கோடம்பாக்கம் மண்டலத்திலும் ஒரு பகுதி தேனாம்பேட்டையிலும் இருக்கிறது. இங்கேயும் கணக்கு மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்துத்தான்.

இன்னொன்று, தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ளது. கர்ப்பம் உறுதியானதும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து 12 இலக்க எண் வாங்க வேண்டும். மக்கள் பேச்சில் பிக்மி எண். பிரசவத்துக்குப் பின் பிறப்பைப் பதியும்போது இந்த எண்ணைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் காட்டுகிறோமே, அரசு நர்ஸிடம் எதற்கு என்று விட்டவர்கள் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள். ஐந்தாம் மாதத்திலாவது வாங்கிவிடுங்கள்.

இனி பெயர். இதில்தான் நாங்கள் அதிகம் சிரமப்படுகிறோம், நீங்களும் அதிகம் சிரமப்படுகிறீர்கள்.

ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைப்பது நம் வழக்கம். மருத்துவமனையிலோ இரண்டாம் நாளே படிவத்தைக் கொண்டுவந்து பெயரைக் கேட்பார்கள். அவசரத்தில் யாரோ ஒரு பெயரைச் சொல்லி, ஏழாம் நாள் ஹஸ்ரத் வேறு பெயர் சொல்லிக் காதில் ஓதிவிட்டால் குழந்தைக்கு இரண்டு பெயர் ஆகிவிடுகிறது. இதற்கு அவசரமே வேண்டாம். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம். பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டு இருக்கிறதே என்று உட்காரக் கூடாது. பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு ஆதாருக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போக முடியாது. அகீகா முடிந்த வாரமே பெயரைச் சேர்ப்பதுதான் நல்லது.

அடுத்தது எழுத்து. முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! முதலில் ஓ-வா யு-வா, நடுவில் எம் ஒன்றா இரண்டா, முடிவில் ஈ.டி.யா ஏ.டி.யா; சிலர் எம்.டி. என்று இரண்டு எழுத்தில் முடித்துவிடுவார்கள். எல்லாமே ஒரே பெயர்தான் என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. பாத்திமாவுக்கு எஃப் போடுவதா, பேகம் சேர்ப்பதா விடுவதா என்பதும் அப்படியே. தாயின் ஆதாரில் மும்தாஜ் பேகம், மருத்துவமனைச் சீட்டில் மும்தாஜ், திருமணப் பதிவில் இன்னொரு எழுத்து என்றிருந்தால் குழந்தையின் சான்றிதழில் தாய் பெயர் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. பிரசவத்துக்குச் சேரும்போது மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்படும் எழுத்துதான் சான்றிதழ் வரை போகிறது. சேர்க்கும் அன்றைக்கே தாய், தகப்பன் இருவரின் ஆதார் நகலையும் காட்டி, இதில் இருக்கிறபடியே எழுதுங்கள் என்று சொல்லுங்கள்.

குழந்தைக்கு ஒற்றைச் சொல்லில் பெயர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல் பெயராக இருந்தால் சுற்றுலா விசா உள்ளிட்டவற்றில் அனுமதிக்க முடியாது என்றது. பின்னர், தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பிழைப்பு வளைகுடாவில் என்பதை நினைத்துப் பெயரை எழுதுங்கள். முன்னெழுத்தைச் சுருக்காமல் தகப்பன் பெயரை முழுதாக எழுதினால் பின்னால் குழப்பம் குறையும் என்பது எங்கள் கருத்து. சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

ஏற்கனவே பிழையாக வந்துவிட்டால் திருத்தலாம். பதிவேட்டில் தவறு என்று பதிவாளருக்கு உறுதியானால், பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையொப்பமிட அவருக்கு அதிகாரம் உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. இரண்டாவது அத்தனை எளிதல்ல. முதலிலிருந்த பெயர் பிடிக்கவில்லை, ராசியில்லை என்று இரண்டு வயதில் மாற்றுகிற பழக்கத்தை இனியாவது விட்டுவிட வேண்டும்.

பதிவாளர் மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் புதிய திருத்தத்தில் வழி இருக்கிறது. அவர் செய்ததிலோ ஆணையிலோ குறை இருந்தால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் மீதான குறையைத் தலைமைப் பதிவாளரிடம் கொண்டுபோகலாம். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு முதலில் மறுப்பு எழுத்தில் வேண்டும். கவுண்டரில் வாயால் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். மனுவைக் கொடுத்து, ஒப்புதல் சீட்டை வாங்குங்கள்.

கணவன் கைவிட்டுப் போன பெண்களும், கணவர் பெயரைச் சொல்ல விரும்பாத பெண்களும் நம்மிடம் வருகிறார்கள், தயங்கித் தயங்கிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு: தனித் தாயோ திருமணமாகாத தாயோ தானே குழந்தையின் பிறப்பைப் பதியத் தகவல் தரலாம் என்று இந்தத் திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. தத்தெடுத்த பெற்றோருக்கும் அப்படித்தான். பெற்றோரின், தகவல் தருபவரின் ஆதார் எண்ணைக் கேட்கிறார்கள். இருந்தால் தர வேண்டும் என்பதே சட்டத்தின் சொல். ஆதார் இல்லை என்பதற்காகப் பிறப்பைப் பதிய முடியாது என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம். நாடு முழுவதும் நடக்கும் பதிவுகளை மத்தியில் ஒரே தரவுத்தளமாக வைக்க வேண்டும் என்கிறது திருத்தம். உரிய ஒப்புதலுடன் அந்தத் தரவை மக்கள் தொகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு போன்றவற்றுக்குத் தரலாம். மக்கள் தொகைப் பதிவேடு என்ற சொல்தான் பலரை உறுத்துகிறது. குடியுரிமைப் பதிவேட்டுக்கு இது பின்வாசல் என்று நாடாளுமன்றத்திலேயே எதிர்க்கட்சிகள் தரப்பில் பேசப்பட்டது. சேவைகளை எளிதாக்கவே என்றது அரசு. இந்தக் கேள்வி முடிந்துவிட்டதாக நாங்கள் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். குடியுரிமையைத் தீர்மானிப்பது வேறு சட்டம், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இங்கே பிறந்ததே போதும். அதன் பிறகு 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவர்களுக்குத் தாய், தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பின் பிறந்தவர்களுக்கு ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமலும் இருக்க வேண்டும். அதாவது இன்று பிறக்கும் குழந்தைக்குத் தன் சான்றிதழோடு தாய், தகப்பனின் காகிதங்களும் ஒரு நாள் தேவைப்படலாம். வீட்டுப் பெரியவர்களின் பழைய பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், பழைய ரேஷன் அட்டை, பாஸ்போர்ட் எதையும் எறிந்துவிடாதீர்கள். இரும்புப் பெட்டியில் கிடக்கட்டும். இல்லாத காகிதத்தை உண்டாக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். போலிச் சான்றிதழ் ஒன்று மாட்டினால் உண்மையான மற்றக் காகிதங்களையும் சந்தேகிப்பார்கள்.

எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது பள்ளிச் சேர்க்கை. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு நீக்கப்படவில்லை. இங்கே புதிய திருத்தம், சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. 2023 அக்டோபரில் பிறந்த குழந்தைகள் 2027 ஜூனில்தான் பெருமளவில் எல்.கே.ஜி. வாசலுக்கு வருவார்கள். வீட்டில் பிறந்தவர்கள், ஊர் ஊராக வேலைக்குப் போகும் குடும்பங்களில் பிறந்தவர்கள், நம் பள்ளிவாசல் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கு அப்போது பிரச்சினை வரும். அப்படிப்பட்ட குழந்தை யாராவது உங்கள் தெருவில் இருந்தால், எந்த மதமாக இருந்தாலும், இப்போதே எங்களுக்குச் சொல்லுங்கள். ஓராண்டு கடந்த பதிவுக்கு இன்னும் காலம் இருக்கிறது; சேர்க்கை நாளன்று இருக்காது.

இறப்பைப் பற்றியும் இரண்டு வரி. மையித்தை அன்றே அடக்கிவிடுகிறோம், பதிவு பின்தங்கிவிடுகிறது. இதற்கும் 21 நாள்தான். மருத்துவமனையில் இறந்தால், அரசோ தனியாரோ, இறப்புக்கான காரணச் சான்றைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி உண்டு. வீட்டில் இறந்தால் கடைசியாகப் பார்த்த மருத்துவர் அதைத் தர வேண்டும். ஜனாஸா வேலைகளை ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் அந்த மருத்துவரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாமே அந்த இறப்புச் சான்றிதழில்தான் தொடங்குகின்றன.

பிரசவ நாள் நெருங்கியிருக்கும் வீடுகள், பெயர் சேர்க்காமல் விட்ட வீடுகள், பதியாமலே ஓராண்டு கடந்த குழந்தை இருக்கும் வீடுகள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். தாய், தகப்பன் ஆதார் நகல், மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, நிக்காஹ் பதிவு நகல் கையில் இருக்கட்டும். எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, மனுவை எழுதித் தருகிறோம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.